ஐம்பது வளைவுகள்

சமையலறை மேசையில் வரைபடம்.
மடிப்பு கிழிந்த இடத்தில்தான்
வெர்ஷிச் கணவாய் இருக்கிறது.
செலோடேப் போட்டு மலையைச் சேர்த்து வைத்திருக்கிறோம்.

செப்டம்பர் கடைசிச் சனி என்றேன்.
வெள்ளி என்றாய்.
சனிக்கிழமைக் கூட்டம் மீன்களுக்குப் பிடிக்காதாம்.
அதற்குப் பிறகு முட்டையிடும் காலம்,
அந்த மீனைத் தொடக் கூடாது.
மீன்களின் நாள்காட்டி உன்னிடம் இருக்கிறது, யெர்னெய்.
பனியின் நாள்காட்டி யாரிடமும் இல்லை.

நான் யெசெனிச்சேயில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.
உருக்காலை வாசல், மருத்துவமனை, ரயில் நிலையம்,
மறுபடி உருக்காலை வாசல்.
பதினோரு வருடமாக ஒரே நேர்க்கோடு.
எனக்கு வேண்டியது வளைவு.
எண் போட்டு நட்ட ஐம்பது வளைவுகள்,
ஏறுவதற்கு இருபத்து நான்கு, இறங்குவதற்கு இருபத்தாறு.
கொண்டை ஊசி என்கிறார்கள்;
இவ்வளவு உயரத்துக்கு எவள் முடிந்தாள் கொண்டை?
திருப்பத்தில் மட்டும் கருங்கல் பாவியிருக்கும்,
மழை பெய்தால் சோப்பு.

உனக்கு வேண்டியது மலைக்கு அந்தப் பக்கம்.
சோச்சா ஆறு.
அதன் பச்சையைச் சொல்லத் தொடங்கி
ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்திவிடுகிறாய்.
அடியில், தன் உடம்பில் தானே கிறுக்கிக்கொண்டதுபோல்
பளிங்கு ட்ரவுட்.
நமக்கு நடுவில் இருக்கும் ஐம்பது வளைவும்
உனக்குக் குமட்டல்.

ஆகவே மின்கட்டண உறையின் முதுகில் ஓர் ஒப்பந்தம்:
விடிகாலை ஐந்தேகாலுக்குப் புறப்பாடு.
காப்பி எனக்கு மட்டும். உனக்குக் காய்ந்த ரொட்டி,
இஞ்சி மிட்டாய்.
ஐந்து வளைவுக்கு ஒரு நிறுத்தம்.
எத்தனை குளிரானாலும் ஜன்னல் திறந்திருக்கும்.
பாட்டு கிடையாது.
செம்மறிகள் சாலையில் படுத்திருந்தால்
ஹாரன் அடிக்காமல் காத்திருப்பது (இது உன் நிபந்தனை;
அந்த நேரம் கார் அசையாமல் நிற்கும்).
நீ கண்ணை மூடிக்கொள்ளலாம்.

ஒரு நாள் சீட்டின் விலையைக் கேட்டு
உன் அக்கா சிரித்தாள்.
பிடித்ததை விட்டுவிடவா இத்தனை தூரம்?
நீ பதில் சொல்லவில்லை.
குறடால் கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிக்கொண்டிருந்தாய்,
ஒவ்வொன்றாக,
தைக்கப்போவது உன் விரலில் என்பதுபோல.

போன வருடமும் இப்படித்தான்.
நீ கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய்: இப்போது என்ன?
லார்ச் மரங்கள், நுனியில் மட்டும் மஞ்சள்.
இப்போது?
பாறை. பாறைமேல் மேகத்தின் நிழல்.
இப்போது?
ஒரு ஜெர்மன்காரன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு,
எல்லோரையும் திட்டிக்கொண்டு.
அதற்குச் சிரித்தாய், பிறகு உடனே
காரை நிறுத்தச் சொன்னாய்.

ஆற்றங்கரையில் முறை மாறியது.
எனக்குத் தண்ணீரில் வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை.
அங்கே, என்று விரல் நீட்டினாய்.
கல், என்றேன்.
பொறு, என்றாய்.
பொறுத்தேன், கால் மரத்துப்போகும்வரை.
கல் வாலை அசைத்தது.

இன்றிரவு வானொலி சொன்னது:
வெள்ளியன்று கணவாயில் பனி பெய்யலாம்.
இத்தாலியைச் சுற்றிப் போகும் பிரெதெல் சாலை
அகலமானது, வளைவும் குறைவு.
அதன் மேல் நீ பென்சிலால் கோடு போட்டு
அழித்திருக்கிறாய். தடம் தெரிகிறது.
உன் வயிற்றுக்கு அதுதான் நல்லது,
ஆனாலும் அழித்திருக்கிறாய்.

நீ இரவு ஷிப்டுக்குப் போன பிறகு
விளக்கை அணைக்க வந்தவள் உறையைப் பார்த்தேன்.
ஒப்பந்தத்தின் கடைசியில்
உன் கோணல் எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது:

'போன வருடம் இருபதாவது வளைவில்
நீ ஒன்றும் சொல்லவில்லை.
அங்கே என்ன இருந்தது?'

வெகுநேரம் பேனாவைத் தேடினேன்.
கடைசியில் உன் பென்சிலையே எடுத்து
அடியில் எழுதினேன்:
வெள்ளிக்கிழமை.